சென்னை முன்மாதிரி நகரமாவதற்குத் தண்ணீரே அளவுகோல்: எங்கள் நிலைப்பாடு

நிலைத்த நகர வாழ்வுக்குச் சென்னை முன்மாதிரியாக முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே எங்கள் கூட்டமைப்பின் பதில். ஆனால் அதற்குச் சான்றாகப் பசுமைக் கட்டட விருதுகளையும் வாடகை சைக்கிள் நிலையங்களையும் காட்டுவதை நாங்கள் ஏற்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் ஊருக்கு இந்த இரண்டு கதியும் வந்ததற்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது.

மழையைத் தேக்கும் இடங்களை நாமே அழித்தோம். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் 1920களில் தியாகராய நகர் உருவானது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. எஞ்சிய பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு வளர்ந்ததும் அதே சதுப்பில்தான். இனி எந்த நீர்ப்பிடிப்பு நிலத்திலும் மனைப்பிரிவுக்கோ கட்டடத்துக்கோ அனுமதி தரக் கூடாது. அரசு அலுவலகம், கல்லூரி, சாலை எதற்கும் விதிவிலக்கு வேண்டாம்.

ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளை மட்டும் கைகாட்டுவதையும் நாங்கள் எதிர்க்கிறோம். வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கூவம் ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களில் பலரைக் குடிவைத்த பெரும்பாக்கமும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் தாழ்நிலமே. பிள்ளைகளின் பள்ளியும் பெண்களின் வீட்டு வேலையும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. ஏழைகளை ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு ஆற்றங்கரையில் பூங்கா அமைப்பது முன்மாதிரி ஆகாது. மறுகுடியமர்வு தவிர்க்க முடியாத இடத்தில், வேலைக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகும் தூரத்தில் வீடு தர வேண்டும்.

மழைநீர் சேகரிப்பில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயமானது. அடுத்து வந்த நல்ல மழைகளில் கிணறுகளின் நீர்மட்டம் உயர்ந்ததை நகரவாசிகள் பலர் கண்டார்கள். பிறகு கவனம் தளர்ந்தது. மணலும் ஜல்லியும் அடைத்துக்கொண்ட குழிகள், மண்ணுக்குள் போகாமல் தெருவுக்குத் திருப்பிவிட்ட குழாய்கள், திட்ட அனுமதிக்காகப் பெயருக்கு வைத்த தொட்டிகள் இன்று ஏராளம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்குச் சுமார் 1,30,000 லிட்டர் மழை விழுகிறது. அதை வடிகாலில் விட்டுவிட்டு லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம்.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உள்ளன. வறட்சிக் காலத்தில் அவை கைகொடுப்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் விழுங்கும் வழி கடைசி வழியாகவே இருக்க வேண்டும். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். இந்த ஊர் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது அதுதான், சொல்வோர்தான் குறைவு. அதைப் பெருக்கிய பிறகே புதிய கடல்நீர் ஆலைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சதுப்பில் குப்பை குவியாமல் தடுக்க வேண்டும் என்றாலும், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டங்களை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஈரக் குப்பையை அந்தந்த வார்டிலேயே உரமாக்கலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாநகராட்சி ஒவ்வொரு வார்டிலும் மழைநீர் சேகரிப்புக் குழிகளைச் சோதித்து, முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அரசுக் கட்டடங்களில் தொடங்கட்டும். குடியிருப்போர் சங்கங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். செப்டம்பருக்குள் உங்கள் கட்டடத்தின் குழியைத் திறந்து, தூர்வாரி, ஜல்லியை மாற்றிவிடுங்கள்.