முள் இருபதைக் காட்டுகிறது, சரி, அப்புறம்?

மயிலாப்பூர் அன்பர் ஒருவர் தன் காரில் எத்தனால் சென்சாரும் அதற்கொரு மீட்டரும் பொருத்திக்கொண்ட கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தார். கதையோடு நிறுத்தியிருந்தால் நானும் ரசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஊரில் காருக்கு ஸ்பாய்லர் வைக்கிறார்கள், நீல விளக்கு போடுகிறார்கள். இவர் ஒரு முள் வைத்துக்கொண்டார், அவ்வளவுதானே. ஆனால் அந்த முள்ளை நுகர்வோரின் ஆயுதம் என்கிறார். ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டால் எண்ணெய் நிறுவனமும் பங்க்காரரும் தானாக வழிக்கு வருவார்களாம். உச்ச நீதிமன்றமே கைவிரித்த பிறகு அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனமாம். இதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

அவருடைய கோபத்தில் எனக்குப் பங்கு உண்டு. 2003-ல் பெட்ரோலில் 5 சதவீத எத்தனால் கலக்கத் தொடங்கிய ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இருபது ஆண்டுகள் ஆமை வேகத்தில் போன திட்டம் 2022 ஜூனில் 10 சதவீதத்தைத் தொட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் பிரதமர் 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலை அறிமுகப்படுத்தினார். 2030-க்கென்று வைத்திருந்த 20 சதவீத இலக்கு 2025-லேயே எட்டப்பட்டது. ஈ20-க்கு ஏற்ற வண்டிகள் வருவதற்கு முன், அதாவது 2023 ஏப்ரலுக்கு முன், வண்டி வாங்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைலேஜ் எவ்வளவு குறையும் என்பதிலும் அரசின் வாய் ஒன்றாக இல்லை. 2021-ல் நிதி ஆயோக் அறிக்கை, பழைய வடிவமைப்புக் கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையும் என்றது. 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் ஈ10-க்காக வடிவமைத்து ஈ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2, மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் என்றது. பழைய வண்டிகளில் இருபது, முப்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாற்ற வேண்டிவரலாம், செலவு அதிகமில்லை என்றும் ஆறுதல் சொன்னது. அந்தச் செலவு யார் பாக்கெட்டிலிருந்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலை விலை குறைத்து விற்க வேண்டும் என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொன்னது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஆக, கோபம் சரி. அந்தக் கோபத்தை எடுத்துக்கொண்டு போய் டாஷ்போர்டில் ஒட்டிவைத்ததுதான் கோளாறு.

அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அன்பர் அதைப் பற்றி வியந்த அளவுக்கு விளக்கவில்லை. கையளவுப் பெட்டி. ஒரு குழாயில் பெட்ரோல் நுழையும், மறு குழாயில் வெளியேறும், பக்கத்தில் மூன்று ஒயர். உள்ளே ஓடும் திரவத்தின் மின்காப்பு மாறிலியை அது அளக்கிறது. பெட்ரோலுக்கு அது ஏறக்குறைய 2, எத்தனாலுக்கு 24, 25. இந்த இடைவெளியை வைத்துக் கலப்பைக் கணக்கிட்டுத் துடிப்பாக அனுப்புகிறது: எத்தனாலே இல்லையென்றால் நொடிக்கு 50, முழுக்க எத்தனால் என்றால் 150. நம் ஊர் பெட்ரோலுக்கு 70. லஸ் கார்னர் பங்க்கில் போட்டாலும் 70, அடையாறில் போட்டாலும் 70, பனகல் பூங்காப் பக்கம் போட்டாலும் 70ஐ ஒட்டித்தான். எல்லா பங்க்கிலும் ஒரே சரக்கு விற்கிற ஊரில், ஒரே இடத்தில் நிற்கும் முள்ளுக்கு இவ்வளவு பாராட்டு.

இந்தச் சாதனம் பிறந்த இடம் வேறு. அமெரிக்காவில் ஒருநாள் சாதா பெட்ரோலும் மறுநாள் 85 சதவீத எத்தனாலும் போட்டு ஓட்டும் ஃப்ளெக்ஸ் கார்களுக்காக வந்தது. பனிக்காலக் காலையில் எத்தனால் சரியாக ஆவியாகாது, இன்ஜின் பிடிக்காது. ஆக்சிஜன் சென்சார் சூடாகி வேலை தொடங்கும் முன்பே கம்ப்யூட்டருக்குக் கலப்பு தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பெட்டி. மார்கழி விடியலில்கூட இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பிரேசில்காரர்கள் இதையும் தாண்டிவிட்டார்கள். 2003-ல் அங்கே வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ் காரில் எத்தனால் சென்சாரே கிடையாது. புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் கணக்கிலிருந்தே கலப்பை ஊகித்துக்கொண்டது.

நம் அன்பரின் காரிலும் அதே ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. ஈ10-லிருந்து ஈ20-க்குப் போனால் எரிபொருளைச் சுமார் 4 சதவீதம் கூடுதலாகப் பீய்ச்ச வேண்டும். அவர் வண்டியின் கம்ப்யூட்டர் யாரையும் கேட்காமல் அதைச் செய்துகொண்டிருக்கிறது. மீட்டர் மாட்டுவதற்கு முன்பும் செய்தது, பின்பும் செய்கிறது. மீட்டருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே இல்லை. எவ்வளவு கூட்டுகிறது என்று பார்க்க ஆசை என்றால் ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மலிவான டாங்கிள் ஒன்றைச் செருகி, செல்போனில் ஃப்யூயல் ட்ரிம் எண்ணைப் பார்க்கலாம். அதற்குப் பெட்ரோல் லைனை வெட்ட வேண்டாம்.

வெட்டுவது சின்ன விஷயம் போல அவர் ஒரே வரியில் கடந்துவிட்டார். இன்றைய காரின் பெட்ரோல் லைன் பிளாஸ்டிக் குழாய், அழுத்தம் மூன்று நான்கு பார். அதை இடையில் அறுத்து, ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஹோஸும் கிளிப்பும் போட்டு, கைராசி மெக்கானிக் ஒருவர் இறுக்கித் தருகிறார். புதிதாக இரண்டு ஜாயின்ட். அதாவது கசிய இரண்டு இடம். மே மாதப் பிற்பகலில் உஸ்மான் ரோட்டில் ஏ.சி. போட்டு நிற்கும் காரின் பானெட்டுக்கு அடியில் அந்த ஜாயின்ட்கள் எந்தச் சூட்டில் வேகும் என்று அவர் யோசித்தாரா? ரப்பருக்கு எத்தனால் ஆகாது என்ற கவலையில் தொடங்கியவர், அந்தக் கவலைக்கு மருந்தாக இன்னும் இரண்டு துண்டு ரப்பரைச் சேர்த்திருக்கிறார்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். மாதம் 800 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 என்று வைத்துக்கொண்டால் 57 லிட்டர். அதில் 4 சதவீதம் என்பது இரண்டேகால் லிட்டர் சொச்சம், சென்னை விலையில் 230 ரூபாய். அந்த 230 ரூபாயை மீட்டர் மீட்டுத் தந்தால்கூடப் பரவாயில்லை. அது போவதைக் காட்டும், தடுக்காது. வெளிநாட்டுச் சாமானும் வரியும் கூலியுமாகக் கொடுத்த பணத்துக்கு எத்தனை ஆண்டு பெட்ரோல் போட்டிருக்கலாம் என்பதை அவரிடமே விட்டுவிடுகிறேன், பில் அவரிடம்தானே இருக்கிறது.

பங்க்கில் தண்ணீர் கலந்துவிட்டால் மீட்டர் எச்சரிக்கும் என்கிறார். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 80, ஆகவே முள் துள்ளும் என்பது உண்மை. எப்போது துள்ளும்? எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து டேங்க்கின் அடியில் தனிப் படலமாக இறங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்தப் படலம் சென்சாரைத் தாண்டும்போது இன்ஜெக்டர் இரண்டடி தூரத்தில் இருக்கிறது. முள் துள்ளி அன்பர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்ப்பதற்குள் வண்டி இருமி நின்றிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது. பெட்ரோல் போடும் முன் பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று டிப் ராடில் பேஸ்ட் தடவிப் பார்த்தார்களா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. பெட்ரோல் போட்ட பிறகு காரைக் கேட்டுப் பயனில்லை.

இப்போது அவருடைய பிரதான வாதம்: மீட்டருக்குப் பயந்து பங்க்காரர் திருந்துவார். பெட்ரோலில் எத்தனாலை பங்க்காரர் கலப்பதில்லை, ஐயா. எண்ணெய் நிறுவனத்தின் டெர்மினலிலேயே கலந்துதான் டேங்கர் லாரி புறப்படுகிறது. உங்கள் முள் 24 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராயப்பேட்டை பங்க்கில் வண்டியை நிறுத்திச் சண்டை போடுகிறீர்கள். டீலர் இன்வாய்ஸை எடுத்துக் காட்டுவார். உங்கள் மீட்டரை யார் அளவுதிருத்தம் செய்தார்கள், எந்த முத்திரை அதில் இருக்கிறது என்று கேட்பார். பதில்? அடிப்படைப் பெட்ரோலில் அரோமாட்டிக் சேர்மங்கள் கூடினாலே அந்த மாறிலி கொஞ்சம் நகரும் என்பதை எண்ணெய் நிறுவன வக்கீல் அழகாக எடுத்துச் சொல்வார். பின்னால் ஹாரன் அடிக்கும் ஆட்டோக்காரர் வேறு மாதிரி எடுத்துச் சொல்வார்.

பங்க்கிலேயே சோதனை இருக்கிறதே என்பார் சிலர். ஃபில்டர் பேப்பர் இருக்கிறது, ஹைட்ரோமீட்டர் இருக்கிறது, ஐந்து லிட்டர் அளவை இருக்கிறது. எத்தனால் விஷயத்தில் இவை மூன்றுமே ஊமை. பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரியில் கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்கலாம்; எத்தனாலின் அடர்த்தி 794. பத்து சதவீதம் இருபதானால் அடர்த்தி ஐந்தாறு கிலோ நகரும், அவ்வளவுதான். ஹைட்ரோமீட்டர் எந்தச் சலனமும் இல்லாமல் மிதக்கும். அன்பர் பேனாவை இந்த இடத்தில் இறக்கியிருந்தால் நான் அவர் பக்கம் நின்றிருப்பேன்.

பிரேசிலில் இதற்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? நூறு மில்லி கண்ணாடி அளவுக்குழாய் ஒன்று. ஐம்பது மில்லி பெட்ரோல், ஐம்பது மில்லி உப்புத் தண்ணீர். மூடி, சில தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தால் எத்தனால் பெட்ரோலிலிருந்து பிரிந்து தண்ணீருக்குப் போய்விடும். இரண்டும் சந்திக்கும் கோடு ஐம்பதிலிருந்து மேலே ஏறும். இருபது சதவீதம் என்றால் கோடு அறுபதை ஒட்டி நிற்கும். வாடிக்கையாளர் கேட்டால் பங்க் ஊழியர் அவர் கண் முன்னே இதைச் செய்து காட்டியாக வேண்டும். அது அங்கே எண்ணெய்த் துறை ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. மின்சாரம் வேண்டாம், இறக்குமதி வரி வேண்டாம், காரே வேண்டாம், நடந்துபோயும் கேட்கலாம். (வீட்டுச் சமையலறையில் யாரும் முயல வேண்டாம், பக்கத்தில் அடுப்பு இருக்கிறது.) 2025 ஆகஸ்டில் 30 சதவீதக் கலப்புக்குப் போன நாடு அது. அங்கே சண்டை இல்லாமலில்லை, ஆனால் சண்டை போடுவதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு கோடு இருக்கிறது.

நீதிமன்றம் கைவிரித்தது பற்றி. 2025 செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி பி.ஆர். கவாய், நீதிபதி கே. வினோத் சந்திரன் அமர்வு தள்ளுபடி செய்த பொதுநல மனுவில், எத்தனால் இல்லாத பெட்ரோலும் வேண்டும் என்பதோடு, பம்ப்பில் எத்தனால் அளவைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. முதல் கோரிக்கை கொள்கை விவகாரம்; கரும்பு விவசாயி, அந்நியச் செலாவணி என்று அரசு எதிர்த்து வாதாடியது, பின்னால் பெரிய லாபி இருப்பதாகவும் சொன்னது. இரண்டாவதில் எந்த லாபியும் இல்லை, எந்த விவசாயிக்கும் நஷ்டமில்லை. முதல் கோரிக்கையோடு சேர்ந்து அதுவும் விழுந்ததே தவிர, எழுதிவைக்கக் கூடாது என்று யாரும் தீர்ப்பளிக்கவில்லை. அரசு நினைத்தால் ஓர் உத்தரவில் முடிகிற வேலை. அன்பரோ மனு தள்ளுபடியான செய்தியைப் படித்ததும் நேரே சென்சாருக்கு ஆர்டர் போட்டுவிட்டார்.

இந்த மனநிலை நமக்குப் பழக்கமானதுதான். குழாயில் நல்ல தண்ணீர் வராத ஊரில் வசதியுள்ள வீடுகள் ஆர்.ஓ. மெஷின் மாட்டிக்கொண்டன, அதோடு குடிநீர் வாரியத்தைக் கேள்வி கேட்கும் நாக்கும் நின்றது. அதே மயிலாப்பூரில் கிணறுகளில் நீர் ஏறியது எப்போது? 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கி, செய்தாயா இல்லையா என்று வீடுவீடாகக் கேட்ட பிறகு.

ஒரே ஓர் இடத்தில் அவர் மீட்டருக்கு வேலை உண்டு. எத்தனால் இல்லாதது என்று இந்தியன் ஆயில் விற்கும் எக்ஸ்பி100 பெட்ரோல், லிட்டர் 160 ரூபாய் அளவில், சாதா பெட்ரோலைவிடப் பாதிக்கு மேல் கூடுதல் விலை. அதைத் தொடர்ந்து போடுகிறவர் சொன்னபடி இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். அதையும் அந்தக் கண்ணாடிக் குழாய் சில நூறு ரூபாயில் செய்துவிடும் என்பது வேறு விஷயம்.

அன்பரின் கட்டுரை முழுக்கத் தேடினேன், இருசக்கர வாகனம் என்ற சொல்லே இல்லை. பெட்ரோலிய அமைச்சகத்தின் திட்டமிடல் பிரிவுக்காக நீல்சன் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், நாட்டில் விற்கும் பெட்ரோலில் 61 சதவீதத்தைக் குடிப்பது இருசக்கர வாகனங்கள் என்று கண்டார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 மாசு விதி வருவதற்கு முன் விற்றவற்றில் பெரும்பாலானவை கார்பரேட்டர் வண்டிகள். அவற்றுக்கு ஆக்சிஜன் சென்சாரும் இல்லை, கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் கம்ப்யூட்டரும் இல்லை. உண்மையில் அடி வாங்குவது அவைதான். தி. நகரில் சாப்பாட்டுப் பையோடு சிக்னலில் நிற்கும் பையனின் பழைய ஸ்ப்ளெண்டரில் இந்த மீட்டரை எங்கே மாட்டுவது என்பதை அன்பர் அடுத்த கட்டுரையில் எழுதட்டும். ஹேண்டில்பாரில் செல்போன் ஹோல்டர் ஏற்கெனவே இருக்கிறது.