மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை!

ஆடி அமாவாசை அன்று குழித்துறை ஆற்றங்கரையில் முன்னோருக்குப் பலியிடக் கூட்டம் நெரியும். வாவுபலிப் பொருட்காட்சி வேறு. உறவினர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். கலியாணமாகி ஒரு வருஷமான பெண்ணைக் கண்டால் போதும். "விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்பார்கள்.

கேள்வி பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளையை யாரும் கேட்பதில்லை!

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலருக்குக் குறை கருப்பையிலும் இல்லை, விந்திலும் இல்லை. உடலுறவே சரியாக நடப்பதில்லை. அதை வெளியே சொல்ல வெட்கம்.

இந்தப் பக்கத்தில் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் அதிகம். ஒரு மாத லீவில் ஊருக்கு வருகிறார்கள். "இப்போது தவறினால் அடுத்த லீவுதான்" என்று வீடே நாள் எண்ணுகிறது. இல்லறம் என்ன பரீட்சையா? பயம் வந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஆணுக்குத் தளர்ச்சி உண்டாகும். ஒருமுறை தளர்ந்தவன், மறுமுறையும் அப்படி ஆகுமோ என்று நினைத்தே தளர்கிறான். பெண்ணுக்கோ பயத்தில் உடல் இறுகி, வலி எடுக்கிறது.

உண்மையில் ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டியதில்லை. விந்தணு பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். 2, 3 நாளைக்கு ஒருமுறை கூடினால் போதும்.

மனம் மட்டும் காரணமல்ல. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு, அதற்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், குடி, புகை இவையும் ஆண்மையைத் தளர்த்தும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. சொன்னால் டாக்டர் மாற்றித் தருவார்.

ஆனால் சொல்வதில்லையே! "இழந்த சக்தி" என்ற சுவரொட்டியை நம்பி லாட்ஜ் வைத்தியரிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள். இத்தகைய மருந்து விளம்பரங்களை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சுவரொட்டிகள் மட்டும் நிற்கவில்லை.

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கருத்தரிக்காவிட்டால் இருவரும் டாக்டரிடம் போகவேண்டும். பெண்ணுக்கு 35 வயதாகிவிட்டால் 6 மாதத்திலேயே போகவேண்டும். உறவிலேயே சிரமம் என்றால் காத்திருக்கவே வேண்டாம். மனைவியை மட்டும் மாமியாரோடு அனுப்பிப் பயனில்லை.

லீவில் வந்தவர் முதல் வாரமே போகட்டும். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் உறவில்லாமல் இருக்கவேண்டும். சில சமயம் மறுபடியும் பரிசோதிப்பார்கள். விமானம் ஏற 2 நாள் இருக்கும்போது போனால் அதற்கெல்லாம் நேரம் ஏது?