காணியைக் கேட்கிற வாய்



"நிவாரணத்துக்குப் பழகி இந்தச் சனம் சோம்பேறியாகிவிட்டது" என்று பம்பலப்பிட்டியில் ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். வாய்வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். நாளைக்கே எழும்பச் சொல்லக்கூடிய காணியில் யார் தென்னம்பிள்ளை வைப்பார்? காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். மிளகாய்க் கன்றுதான் வைப்பார். கைக்குச் சோம்பல் இல்லை. காலுக்குக் கீழே நிலம் உறுதியாயில்லை.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவுச் சனம் தங்கள் வளவுக்குப் போகவில்லை. காணி படையினர் கையில். வேறிடத்தில் காடு வெட்டி, 'மாதிரிக் கிராமம்' என்று பெயரும் வைத்துக் கொடுத்தார்கள். 2017 ஜனவரி 31ஆம் திகதி பிலக்குடியிருப்புக் குடும்பங்கள், காணி விடப்படுமென்று நம்பிப் போய், விடப்படாததால் விமானப்படை முகாமுக்கு முன்னால் வீதியோரத்திலேயே இருந்துவிட்டார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பெண்கள். சமையலும் படுக்கையும் அங்கேதான். தை மாசிப் பனி வேறு. மார்ச் 1ஆம் திகதி சுமார் 42 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. அதே நாளில் கேப்பாப்புலவின் மற்றக் காணிகளுக்குத் தொடங்கிய போராட்டமோ வருடக்கணக்காக இழுபட்டது. ஆகவே கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேளாமல் அந்த 42 ஏக்கரும் வந்திராது.

என் பிழையையும் சொல்லவேண்டும். "பாதர், நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நடக்கும்" என்பார்கள். எனக்கும் அது இனித்தது. நானே மகஜர் எழுதினேன், நானே கந்தோருக்கு அலைந்தேன், நானே பதிலோடு திரும்பினேன். சனம் மரத்தடியில் காத்திருந்தது. எனக்கு இடமாற்றம் வந்தபோது பைலும் என்னோடு போய்விட்டது. அங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் காணி யார் பொறுப்பில், எந்தக் கட்டளையின்படி என்று நீங்களே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவருக்குத் தகவல் அலுவலர் எழுத உதவவேண்டும். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் எடுக்கவேண்டும். தேசிய பாதுகாப்பு என்று மறுக்கவும் கூடும். அந்த மறுப்பைக் கையில் வைத்து மேன்முறையீடு செய்யலாம், அதற்கு 14 நாட்கள்தான் தவணை. கொடுத்த கடிதத்தின் பிரதியும் பற்றுச்சீட்டும் உங்கள் றங்குப் பெட்டியில் இருக்கட்டும், என்னுடைய அலுமாரியில் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் நான் பின்வாங்கில் இருப்பேன். காணி இழந்த அக்கா ஒருவர் எழும்பித் தன் கடிதத்தை வாசிக்கட்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், காத்திருப்போம்.