கூலி மரக்காலும் கள்ளப் பாவசங்கீர்த்தனமும்

எங்கள் ஆயா பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்ன பாவங்களில் ஒன்றே ஒன்று எனக்குத் தெரியும். அவளே சொல்லிச் சிரித்ததுதான். அறுப்புக் கூலி அளக்க பெரிய வீட்டுக்காரர் சின்ன மரக்காலைக் களத்துக்கு எடுத்து வந்தார். பேசியது நாலு மரக்கால். வீட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால் மூணுதான் தேறுகிறது. ‘எங்க வயித்துல அடிச்சவன் வெளங்கமாட்டான்’ என்று தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அந்தச் சாபத்தைத்தான் பாவம் என்று போய்ச் சொன்னாள். சாமியார் பத்து அருள்நிறை மந்திரம் அபராதமாகக் கொடுத்தார். அன்றைக்கு அவளுக்கு முன்னால் அதே தொட்டியில் முழங்கால் போட்டு எழுந்து போனவர் அந்தப் பெரிய வீட்டுக்காரர். ஊர்க்காரர்கள் முடித்த பிறகுதானே சேரிக்கு முறை வரும்.

அவர் உள்ளே என்ன சொன்னார் என்று நாம் கேட்கக்கூடாது. சங்கீர்த்தன ரகசியம். கழுத்தை அறுத்தாலும் சாமியார் வெளியே சொல்லக்கூடாது, சரி, ஒத்துக்கொள்வோம். ஆனால் வெளியே வந்த பிறகு நடந்தது ரகசியமில்லையே! அடுத்த அறுப்புக்கும் களத்துக்கு வந்தது அதே மரக்கால்தான்.

ஞானோபதேசத்தில் நாம் மனப்பாடம் செய்ததைத்தான் கேட்கிறேன். பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று நாலு சொல்லிக் கொடுத்தார்களே, அதில் ஒன்று கூலிக்காரரின் கூலியை வஞ்சிப்பது. களவாண்டதைத் திருப்பிக் கொடுக்காதவனுக்கு மன்னிப்புக் கிடையாது என்பதும் இவர்கள் சட்டம்தான். இந்தச் சட்டம் சாமியார்களுக்கு மறந்துபோய்விட்டது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். புதுநன்மை வாங்குவதற்கு முதல்நாள் நான் போய், தோப்பில் மாங்காய் திருடினேன் என்றேன். ‘தோப்புக்காரர்கிட்ட ரெண்டு ரூபா குடுத்துட்டு வா, அப்பறந்தான் மன்னிப்பு’ என்று திருப்பி அனுப்பினார். எனக்கு ஒன்பது வயது. மாங்காய்க்கு இருந்த சட்டம் மரக்காலுக்கு எங்கே போனது?

சாவான பாவத்தைத் தெரிந்தே மறைத்தால் அது கள்ளப் பாவசங்கீர்த்தனம். அதோடு போய் நன்மை வாங்கினால் தேவதுரோகம். அவர் மறைத்திருந்தால் இது. சொல்லியும் சாமியார் சும்மா அனுப்பியிருந்தால் அந்தப் பாவம் சாமியார் தலையில். ஆனால் நான் நினைப்பது வேறு. அவருக்கு அது பாவமாகவே தோன்றியிருக்காது. சேரிக்காரிக்கு அளப்பதில் என்ன பாவம்? தேர் சேரிக்குள் வராததில், கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் எழுப்பியதில் என்ன பாவம்? அதெல்லாம் வழக்கம்.

வழக்கம் என்ற சொல்லை இவர்களுக்கு எடுத்துக் கொடுத்ததே திருச்சபைதான். 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வெறும் சமூக வழக்கம் என்று வாதாடினார். மூடநம்பிக்கையைக் கழித்துவிட்டால் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் 15ஆம் கிரகோரி பாப்பரசர் ஆணை கொடுத்தார். 1704இல் ரோமின் தூதராக வந்த தூர்னோன், சாகக்கிடக்கும் பறையர் வீட்டுக்குள் சாமியார்கள் போய்த்தான் ஆகவேண்டும் என்று புதுச்சேரியில் உத்தரவிட்டார். உத்தரவு போட வேண்டியிருந்தது என்றால் அதுவரை என்ன லட்சணத்தில் நடந்தது என்று விளங்கும். அதையும் நிறைவேற்ற முடியாமல் 1744இல் 14ஆம் ஆசீர்வாதப்பர் காலத்தில் ஒரு சமரசம் கண்டார்கள்: பறையர்களுக்குத் தனிச் சாமியார்கள். பாவத்தைக் கேட்கிற காதுக்கும் சாதி! 1872இல் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு கால், நாடாருக்கு ஒரு கால் என்று கால்சட்டை மாதிரிக் கோயில் கட்டினார்கள். நடுச்சுவர் இடிபட 1910 வரை ஆனது. எங்களுக்கு அந்தக் கால்சட்டையில் பை கூட இல்லை.

ஃபூக்கோ 1976இல் பாவசங்கீர்த்தனத்தை அதிகாரத்தின் உத்தி என்று எழுதியதை நம் அறிவுஜீவிகள் மேற்கோள் காட்டுவார்கள். உள்ளே கிடப்பதைப் பேசவைத்து ஆளுகிற உத்தி. சரிதான். ஆனால் பேசவைக்கப்பட்டது யார்? ஆயா கோபத்தைச் சொன்னாள், நான் மாங்காயைச் சொன்னேன். சாதி பேசவே இல்லை. அதை யாரும் கேட்கவில்லை.

இப்போது புதிதாக ஒரு வார்த்தை பிடித்திருக்கிறார்கள்: சமூகப் பாவம். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். நல்லது. ஆனால் பங்குகளில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது பாருங்கள். சமூகப் பாவம் என்றால் எல்லோருடைய பாவம், எல்லோருடைய பாவம் என்றால் யாருடையதும் இல்லை. ஞாயிறு பூசையில் எல்லோரும் சேர்ந்து நெஞ்சில் மூணு தட்டு தட்டினால் தீர்ந்தது. சாமிமார்களே, உங்கள் இரண்டாம் ஜான் பால் 1984இல் எழுதியதைப் படியுங்கள். சமூகப் பாவம் என்பது தனி ஆட்கள் செய்த பாவங்கள் குவிந்து கிடப்பதுதான் என்கிறார். ஆட்களுக்குப் பேர் உண்டு, வீட்டு எண் உண்டு, பங்குப் பதிவேட்டில் குடும்ப எண்ணும் உண்டு.

புதுச் சட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. தவக்காலத்தில் தொட்டிக்கு வருகிறவரிடம், சேரிக்குத் தேர் வராமல் தடுத்தாயா, கல்லறைச் சுவருக்கு வரி கொடுத்தாயா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லுங்கள்: போய்ச் சரிசெய்துவிட்டு வா, அப்புறம்தான் மன்னிப்பு. கூட்டம் குறையும், காணிக்கை குறையும். தெரிந்துதான் சொல்கிறேன்.

ஆயா கடைசிப் பத்து வருஷம் தொட்டிப் பக்கம் போகவில்லை. ஏன் என்று ஒரு சாமியார் வீடு தேடி வந்து கேட்டார். ‘அந்த மரக்காலை மொதல்ல கொண்டாரச் சொல்லு சாமி, நான் அப்பறம் வரேன்’ என்றாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார். ஆயாவைச் சுவருக்கு இந்தப் பக்கம் புதைத்தோம். பெரிய வீட்டுக்காரர் அந்தப் பக்கம். இரண்டு குழிக்கும் தீர்த்தம் தெளித்தது ஒரே சாமியார்தான்.