அடி கழன்ற பெட்டிகளும் பழம்பெருமையும்

யாழ்ப்பாணத்துப் பனங்கட்டிக்கு ஈடாக உலகில் வேறொன்றும் இல்லை என்று மேடைகளிலே முழங்குவோருக்குக் குடாநாட்டில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. அந்தப் பனங்கட்டி இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு தமிழ்க் கடையின் தட்டிலே எந்தக் கோலத்தில் கிடக்கிறது என்று பேசுவோரைத்தான் தேடவேண்டியிருக்கிறது. மூலை நசுங்கி, மூடி பிளந்து, அடிப்பக்கம் கழன்று, கடைக்காரர் இரக்கப்பட்டு ஒட்டிய பிசின்நாடாவின் தயவில் உயிர்வாழும் காட்போட் பெட்டிகளை நான் பல கடைகளில் கண்டிருக்கிறேன். நமது பழம்பெருமையின் இன்றைய முகம் அதுதான்.

“உள்ளே இருப்பதல்லவா முக்கியம், பெட்டியில் என்ன இருக்கிறது?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். பெட்டியில் எல்லாம் இருக்கிறது. பனையேறுகிறவரின் கூலி இருக்கிறது. அடுப்படியில் நின்று பாகு காய்ச்சிய பெண்ணின் உழைப்பு இருக்கிறது. அடி கழன்ற ஒரு பெட்டி கடையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டால், அந்த நட்டத்தை இறக்குமதியாளர் ஏற்பதில்லை. கொழும்பு முகவரும் ஏற்பதில்லை. அது படிப்படியாக இறங்கி, கடைசியில் பனையடியிலே வந்து நிற்கிறது.

பெட்டி செய்யும் அறிவு நமக்குப் புதியது என்று எவரும் சாதிக்க முடியாது. குட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். சுடச்சுடப் பாகை அதனுள் ஊற்றினால் அதுவே அச்சு, அதுவே பொதி. கொட்டப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதி மற்றப் பாதிக்குள் இறுக்கமாக இறங்கும். பூட்டும் இல்லை, பசையும் இல்லை, உராய்வு ஒன்றே மூடி. இன்று விலையுயர்ந்த கைத்தொலைபேசிகளை அடைத்து விற்கும் இரட்டைப் பெட்டியின் தத்துவமும் இதுவேதான். மூடற்பெட்டி, உமல், கடகம், பிளா, பட்டை என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் ஒவ்வொரு பெயரையும் வைத்திருந்த சமூகம் இது. ஓலையில் இத்தனை நுட்பம் கண்டவர்களின் பேரப்பிள்ளைகள், அட்டைக்கு வந்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு “ஏதாவது ஒரு பெட்டி தாருங்கள்” என்று கேட்கிறார்கள். என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த ‘ஏதாவது ஒரு பெட்டி’ எப்படிப்பட்டது? பெரும்பாலும் அது மேலும் கீழும் செருகுமடல் கொண்ட சாதாரண மடிப்புப் பெட்டி. பற்பசைக்கும் மருந்துக் குப்பிக்கும் ஏற்றது. இரண்டு மடலும் பெட்டியின் ஒரே பக்கத்திலிருந்து வந்தால் அது நேர்ச்செருகல். ஒன்று முன்பக்கத்திலிருந்தும் மற்றது பின்பக்கத்திலிருந்தும் வந்தால் அது எதிர்ச்செருகல். எதிர்ச்செருகற் பெட்டிகளை ஒரு தாளிலே நெருக்கமாக அடுக்கி வெட்டலாம் என்பதால் அது மலிவு. மலிவானதே நம்மவர் கைக்கு வருகிறது. ஆனால் அந்தப் பெட்டியின் அடியைத் தாங்குவது எது? ஒரு செருகுமடலின் உராய்வு மாத்திரமே. அரைக் கிலோ பனங்கட்டியை அதில் வைத்துத் தூக்கினால் அடி திறக்காமல் வேறென்ன செய்யும்? திறந்த அடியை மூட ‘ஸ்ரேப்ளர்’ கம்பி அடிக்கிறார்கள். உணவுப் பொருளுக்குப் பக்கத்திலே கம்பி! குழந்தையின் வாய்க்குப் போகக்கூடிய கம்பி!

பாரமான பொருளுக்கு அடிப்பூட்டுப் பெட்டி என்று ஒன்று இருக்கிறது. நான்கு மடல்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பாரம் கூடக்கூடப் பிடி இறுகும். பசை வேண்டியதில்லை, கையால் மடிக்கலாம். இன்னும் வேகம் வேண்டுமானால், அடியை முன்கூட்டியே ஒட்டி மடித்துத் தரும் பெட்டி இருக்கிறது. விரித்த மாத்திரத்தில் அடி தானாகப் பூட்டிக்கொள்ளும். மிளகாய்த்தூள், ஒடியல்மா போன்றவற்றுக்கு இரு முனைகளும் பசையிட்டு ஒட்டிய பெட்டி வேண்டும். தூள் சிந்தாது, எவராவது திறந்து பார்த்திருந்தால் உடனே தெரிந்துவிடும். மேல்மூடியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. செருகுமடலின் இரு தோள்களிலும் சிறு கீறல் இட்டால், அது பக்கத்துத் தூசுமடல்களைக் கவ்விப் பிடிக்கும். பயணப் பெட்டிக்குள் குலுங்கினாலும் திறக்காது. இந்தக் கீறலுக்கு ஒரு சதமும் மேலதிகச் செலவில்லை. கேட்டால் போதும். ஆனால் கேட்பதற்கு அறிந்திருக்க வேண்டுமே!

அட்டைக்கும் ஓலையைப் போல நார் ஓட்டம் உண்டு. ஓலையை எந்தத் திசையில் வார்ந்தால் எப்படி வளையும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது. பெட்டியின் நிமிர்ந்த நான்கு மூலைமடிப்புகளுக்கும் குறுக்காக அட்டையின் நார் ஓடினால் பக்கங்கள் நேராக நிற்கும். மடிப்போடு சேர்ந்து மேல்கீழாக ஓடினால் சில கிழமைகளில் பெட்டி வயிறு வைத்துவிடும். கடைத்தட்டில் தொந்தி தள்ளி நிற்கும் நமது பெட்டிகளின் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இன்னுமொன்று. பனங்கட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். குடாநாட்டில் வெயிற்காலத்தில் காய்ச்சியது, ஐப்பசி, கார்த்திகை மாரியைக் கடந்தாக வேண்டும். வெறும் அட்டை ஈரத்தைத் தடுக்காது. தானும் அதனைக் குடித்து நொய்ந்துபோகும். உள்ளே ஈரம் புகாத ஓர் உறை, வெளியே பாரம் தாங்கும் ஒரு பெட்டி என்று வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அமெரிக்க பிஸ்கட் வணிகர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதைக் கண்டுகொண்டார்கள். பீப்பாய்களில் கிடந்து நமுத்துப்போன பிஸ்கட்டை மெழுகுத்தாளில் பொதிந்து அட்டைப்பெட்டியில் இட்டு விற்றார்கள். நாம் 21ஆம் நூற்றாண்டில் நின்று, பனங்கட்டி ஏன் கசிகிறது என்று கருத்தரங்கு நடத்துகிறோம்.

பெட்டியின் உட்புறம் சாம்பல் நிறமாக இருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? அது கழிவுத்தாளை மறுபடி கூழாக்கிச் செய்த அட்டை. அதில் பழைய செய்தித்தாள்களும் சேர்ந்திருக்கும். அந்த அச்சு மையின் கனிம எண்ணெய் அட்டையைக் கடந்து உணவுக்குள் செல்கிறது என்பதைச் சுவிற்சர்லாந்தின் சூரிச் ஆய்வாளர்கள் ஆய்ந்து சொல்லிப் பல ஆண்டுகளாகின்றன. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் செய்தித்தாளில் உணவு பொதிவதற்கு எதிராக அறிவுறுத்தல் வெளியிட்டது. செய்தித்தாளிலே வாழ்நாளைக் கழித்தவன் நான். கடலைச் சரையாகவேனும் என் எழுத்து பயன்பட்டதே என்று நாங்கள் பத்திரிகையாளர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. அந்த வேடிக்கையை இனி விட்டுவிடலாம். சாம்பல் அட்டையில் உணவை நேரே வைக்காதீர்கள்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். “பெட்டிக்குச் செலவழித்தால் விலை ஏறும், ஏழை உற்பத்தியாளர் தாங்கமாட்டார்” என்பது முதலாவது. ஏழையின் பெயரால் சொல்லப்படும் இந்த வாதம் ஏழையைத்தான் கொல்கிறது. நல்ல அடிக்கும் கெட்ட அடிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் வெட்டும் வடிவத்தில் இருக்கிறது. செலவு பிடிப்பது முதல் தடவை வெட்டச்சு செய்வதற்கே. அதன்பின் அதே அச்சில் ஆயிரமாயிரம் வெட்டலாம். ஒவ்வொரு சிறு சங்கமும் தனித்தனியே கொழும்புக்கு ஓடி, தனித்தனி அச்சுக்குப் பணம் கட்டி, தேவைக்கு மேற்பட்ட தொகையில் வாங்கிக் கறையானுக்குக் கொடுப்பதுதான் உண்மையான ஆடம்பரம்.

“குட்டானே நமது மரபு, அட்டை எதற்கு?” என்பது இரண்டாவது. குட்டானை எறியச் சொல்லவில்லை. குட்டானை அப்படியே நிற்கவைக்கும் அறைகள் கொண்ட ஒரு பெட்டிக்குள் வையுங்கள் என்கிறேன். வாங்குகிறவர் மூடியைத் திறந்ததும் ஓலையைக் காணட்டும். எறும்புக்கும் ஈரத்துக்கும் நசுங்கலுக்கும் குட்டான் பொறுப்பாளி அல்ல. அது கடல்கடந்து போகவென்று பிறந்ததும் அல்ல.

“எல்லாவற்றையும் பிளாஸ்ரிக் டப்பாவில் அடைத்தால் தீர்ந்தது” என்பது மூன்றாவது. இலங்கையில் 2017 செப்ரெம்பர் முதலாம் திகதி பொலித்தீன் உணவுத்தாளுக்கும் ரெஜிபோம் பெட்டிக்கும் தடை வந்தது. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பது தெரிந்த பின்னரும் பிளாஸ்ரிக்கை நம்பித் தொழில் தொடங்குவது அறிவுடைமை ஆகாது.

இப்போது என் கோரிக்கை. 1820இல் அமெரிக்க மிஷனுக்காக அச்சியந்திரம் வந்திறங்கிய மண் இது. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்த மண். 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்த மண். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் கிடைத்த தாளிலெல்லாம் பத்திரிகை அச்சிட்ட மண். இங்கே ஒரு பெட்டி வெட்ட வகையில்லையா?

வகை இருக்கிறது. ஈய எழுத்துக் காலத்து மிதியந்திரங்களை, ஓப்செற் வந்ததும் பழைய இரும்பாக நிறுத்து விற்றார்கள். மையுருளையைக் கழற்றிவிட்டு, எழுத்துச் சட்டத்தின் இடத்தில் வெட்டச்சைப் பூட்டினால், அதே யந்திரம் பெட்டி வெட்டும் யந்திரமாகிவிடும். சென்னையிலும் சிவகாசியிலும் இதை நாள்தோறும் செய்கிறார்கள். வெட்டச்சும் மாயவித்தை அன்று. பலகையிலே பதித்த உருக்குத் தகடுகள். கூரானது வெட்டும், மழுங்கியது மடிப்புத்தடம் பதிக்கும். மடிப்புப் பெட்டித் தொழிலே ஓர் அச்சக விபத்திற் பிறந்ததுதான். 1879இல் நியூயோர்க்கில் ரொபர்ட் கெயர் என்பவரின் அச்சகத்தில் காகிதப்பையில் மடிப்புப் பதிக்கவேண்டிய தகடு இடம்மாறிப் பையை வெட்டிவிட்டது. பழுதான பைகளைப் பார்த்த கெயர், வெட்டையும் மடிப்பையும் ஒரே அழுத்தத்தில் செய்யலாமே என்று சிந்தித்தார். இன்னமும் எஞ்சியிருக்கும் மிதியந்திரங்களை இரும்புக்கடைக்கு அனுப்பாதீர்கள். (கைகாப்புத் தடுப்பில்லாமல் அவற்றை இயக்கவும் விடாதீர்கள், விரலிழந்த அச்சகத் தொழிலாளர்களை நான் அறிவேன்.)

பனை அபிவிருத்திச் சபை 1978ஆம் ஆண்டு தொடக்கம் இருக்கிறது. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கிறது. இவர்கள் ஒரு மேசையில் அமர்ந்து மூன்றே மூன்று அளவுகளைத் தீர்மானிக்கட்டும். கால்கிலோவுக்கு ஒன்று, அரைக்கிலோவுக்கு ஒன்று, குட்டான்களை நிறுத்தி வைக்க ஒன்று. மூன்றுக்கும் பொது வெட்டச்சு செய்யட்டும். எந்தச் சங்கமும் எந்தப் பெண்கள் குழுவும் அந்த அச்சில் நூறு பெட்டியோ ஆயிரம் பெட்டியோ வெட்டிக்கொள்ளட்டும். மேலே ஒட்டும் சிட்டை அவரவருடையதாக இருக்கட்டும்.

அந்தச் சிட்டையிலே தமிழ் ஒழுங்காக இருக்கட்டும். ‘பாமினி’ எழுத்துருவில் தட்டியதை அது இல்லாத கணினிக்கு அனுப்பி, பனங்கட்டி என்ற சொல் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக அச்சாகி வருவதைத் திருத்த ஓர் ஐந்து நிமிடம் போதும். தமிழைத் தலைமுறை தலைமுறையாக அச்சிட்டு வந்த ஊரின் பெட்டியில் தமிழ் பிழைபட்டு நிற்பது, அடி கழல்வதைவிடப் பெரிய கேடு.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கும் ஒரு சொல். ‘யாழ்ப்பாணம்’ என்ற பெயரைத் தாங்கி, யாழ்ப்பாணத்தையே காணாத பொருள்கள் உங்கள் ஊர்க் கடைகளில் பளபளக்கும் பெட்டிகளில் விலைபோகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றுத் தம் பெயரைக் காத்துக்கொண்டன. நமது பனங்கட்டிக்கும் அத்தகைய காப்பு வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அந்தக் குறியீட்டை அச்சிடுவதற்கு முதலில் ஒரு நேரான பெட்டி வேண்டாமா?

நசுங்கிய பெட்டியைக் கண்டால் “ஊர்ச்சாமான் அப்படித்தான்” என்று அனுதாபத்தோடு வாங்காதீர்கள். வாங்குங்கள், கூடவே ஒரு படம் எடுத்து, எந்த மடல் கழன்றது, எந்த மூலை நசுங்கியது என்று தயாரித்தவருக்கு எழுதுங்கள். பிரிந்த அடியைக் கண்ணால் கண்டவர் அடுத்தமுறை அடிப்பூட்டுப் பெட்டி கேட்பார். இரக்கப்பட்டு வாங்கிவிட்டுப் பேசாமலிருந்தால் அடுத்த கப்பலிலும் அதே பெட்டிதான் வரும்.