பெயரில் இல்லாத வீட்டுக்கு என்ன காப்புறுதி?

மழை விட்டு ஒரு கிழமை கழித்து கொத்மலையில் ஒரு தோட்டத்து லயத்துக்குப் போயிருந்தேன். பின்சுவர் வெடித்து, குசினிக்குள் சேறு நின்றது. "வந்து படம் புடிச்சிட்டுப் போறாங்க தம்பி. வீடு யாரு பேருலனு கேட்டா நாங்க என்னத்த சொல்றது? எங்க பாட்டன் காலத்துல இருந்து இதுலதான் இருக்கோம்" என்றார் அந்த வீட்டு அம்மா. 2016இல் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் சேர்த்து அரசாங்கமே ஒரு காப்புறுதி எடுத்ததைச் சொன்னேன். "எங்களுக்குமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்று உடனே சொல்ல முடியவில்லை.

தேசிய இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் 2016 ஏப்ரலில் ஆரம்பமானது. 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் அதை நடத்தியது. கட்டுப்பணத்தை மக்கள் செலுத்த வேண்டியதில்லை, அரசாங்கமே செலுத்தியது. சொத்துச் சேதத்துக்கு 25 லட்சம் ரூபா வரையும், உயிரிழப்புக்கு 1 லட்சம் ரூபாவும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே வெள்ளமும் அரநாயக்க மண்சரிவும் வந்தன.

காகிதத்தில் இது எல்லோருக்குமான திட்டம். ஆனால் சொத்துக்கான காப்புறுதி, சொத்து யாருடையது என்ற கேள்வியில்தான் தொடங்குகிறது. லயத்தில் வாழ்பவரிடம் அதற்குப் பதில் இல்லை. நிலம் அரசாங்கத்துடையது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயின. நீண்டகாலக் குத்தகை அவர்கள் கையில். குடியிருப்பவரிடம் உறுதிப்பத்திரம் கிடையாது. இடிந்த சுவருக்கு அவர் உரிமை கோர முடியாவிட்டால் மிஞ்சுவது பாத்திரம் பண்டமும் உயிரும்தான். அந்த உயிரின் விலை 1 லட்சம். உறுதி உள்ளவரின் வீட்டுக்கு உச்சவரம்பு அதைப்போல 25 மடங்கு.

இரண்டாவது சிக்கல், காப்புறுதி செய்யப்பட்டவர் கையில் எந்தக் கடதாசியும் இல்லாதது. தனியார் கம்பனியில் காப்புறுதி எடுத்தவர் பத்திரத்தை நீட்டிச் சண்டை போடலாம். இங்கே கட்டுப்பணம் செலுத்துவதும் அரசு, சேதத்தை மதிப்பிடுவதும் அரசு, பணம் கொடுப்பதும் அரசு. கிடைக்காதபோது அது மறுக்கப்பட்ட உரிமையாகத் தெரிவதில்லை, வந்து சேராத நிவாரணமாகவே தெரிகிறது.

அரசு நடத்துவதால் பணம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 1987இல் தொடங்கிய விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தைப் பார்ப்போம். பல வருடம் பணம் கட்டிய முதியவர்களுக்கு 2012இல் ஓய்வூதியம் நின்றது, நிதியம் வற்றியிருந்தது. 2014இல்தான் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

இதற்காக அரச காப்புறுதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மண்சரிவு அபாயமுள்ள லயத்துக்கு எந்தத் தனியார் கம்பனியும் தேடி வரப்போவதில்லை. மீரியபெத்தையில் 2014 ஒக்டோபரில் மண்ணுக்குள் எல்லாவற்றையும் இழந்தவர்கள் புதுவீட்டுக்கு இரண்டு வருடம் காத்திருந்தார்கள். உடனடியாகக் கைக்கு வரும் பணம் அவர்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

மாற்ற வேண்டியது நிபந்தனையை. உரித்துக்குப் பதிலாகக் குடியிருப்பை அடிப்படையாக்கலாம்: வாக்காளர் இடாப்பு, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், கிராம உத்தியோகத்தரின் பதிவு எல்லாம் ஏற்கனவே இருக்கின்றன. வீட்டுக்கு ஒரு காப்புறுதிப் பத்திரம் தமிழில் கொடுக்கலாம். பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட முடியாது என்றுதான் நீண்டகாலம் சொன்னார்கள். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. மனம் இருந்தால் இதுவும் முடியும்.

காணி உறுதி கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று மலையகத்துக்குச் சொல்லலாம். மழைக்குச் சொல்ல முடியாது.