செப்டிக் தொட்டியின் முழுச் செலவு

புதிய வீட்டுக்கு மதிப்பீடு தயாரிக்கும் குடும்பங்கள் தளத்துக்கும் கதவுகளுக்கும் வண்ணப் பூச்சுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்குகின்றன. செப்டிக் தொட்டி என்னும் இனம் வரும்போது மட்டும் சிக்கனத்தை நினைக்கின்றன. மண்ணுக்கடியில் மறைந்து போவதற்குச் செலவு எதற்கு என்பது அவர்களது எண்ணம். ஆனால், இவ்விதம் மிச்சப்படும் பணம் உண்மையில் மிச்சமாவதில்லை. அது பிறர் தலையில் சுமத்தப்படுகிறது.

இத்தொட்டி வேலை செய்யும் முறை எளியது. கழிவு நீர் அதில் தங்கும்பொழுது கனமான பகுதி அடியில் படிகின்றது. காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. இடையிலுள்ள நீர் குழாய் வழியே வெளியேறுகின்றது. அந்நீர் பார்வைக்கு ஓரளவு தெளிந்திருப்பினும் நோய்க் கிருமிகள் நிறைந்தது. ஆதலால், அதனை மண்ணில் வடியச் செய்யும் உறிஞ்சு குழியும் இவ்வமைப்பின் இன்றியமையாத உறுப்பாகும்.

ஐ.எஸ். 2470 என்னும் இந்தியத் தர விதியின்படி, 5 பேர் வாழும் வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளமும், 0.75 மீட்டர் அகலமும், ஏறத்தாழ 1 மீட்டர் நீராழமும் உள்ள தொட்டியே போதுமானது. ஆயினும், ஆயுள் முழுதும் கழிவகற்ற வேண்டியிராது என்று நம்பிப் பலர் இதனினும் பன்மடங்கு பெரிய குழியைக் கட்டுகின்றனர். அதனால் ஏறிய செலவைக் குறைக்க அடித்தளத்தைக் கைவிடுகின்றனர். அல்லது உறிஞ்சு குழியை விடுத்து நீரைத் தெருச் சாக்கடையில் திருப்பிவிடுகின்றனர். வேண்டாத இடத்தில் செலவும் வேண்டிய இடத்தில் சிக்கனமும் செய்யப்படுகின்றன. அதன் விளைவை அண்டை வீட்டுக் கிணறு ஏற்கின்றது.

செலவை நிர்ணயிப்பதில் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. தக்காணத்தின் கரிசல் மண் நீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. கேரளத்தின் குட்டநாட்டிலோ நிலத்தடி நீர் மிக மேலேயே நிற்கின்றது. இத்தகைய இடங்களில் சாதாரண உறிஞ்சு குழி பயன் தராது. சிறு குழி தோண்டி நீர் ஊற்றி, அது வடியும் வேகத்தை அளந்தறிதல் மிகச் சொற்பச் செலவில் முடியும் சோதனை. நீர் நன்கு வடியும் நிலமாயின், மாறி மாறிப் பயன்படும் இரட்டைக் குழிக் கழிப்பறையே சிக்கனமானது. ஒரு குழி நிறைந்து ஓய்விலிருக்கும் காலத்தில் அதன் கழிவு மக்கி எருவாகிவிடும்.

கட்டியதோடு செலவு முடிவதில்லை. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படிவை இயந்திரத்தால் உறிஞ்சி அகற்றவேண்டும். தொட்டியினுள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற விஷ வாயுக்கள் தேங்கும். உள்ளே இறங்கும் தொழிலாளியை அவை நொடிப் பொழுதில் வீழ்த்திவிடக் கூடும். உரிய பாதுகாப்பின்றி மனிதரை இவ்வேலையில் ஈடுபடுத்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அவ்வாறு இறப்போர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. எனினும், போன உயிரைத் திருப்பித் தரும் இழப்பீடு எதுவுமில்லை. லாரியின் குழாய் எட்டாத மூலையில் தொட்டியைக் கட்டி, அதன் மேல் திறப்பின்றித் தளமும் இடும் வீட்டுக்காரர், பின்னொரு நாள் ஒருவரை அதனுள் இறக்கும் நிலையை அன்றே உண்டாக்கிவிடுகிறார்.

ஆகவே, தொட்டி, உறிஞ்சு குழி, பிற்காலக் கழிவகற்றல் ஆகிய மூன்றும் ஒரே இனமாக மதிப்பீட்டில் இடம்பெறுதல் வேண்டும். குழி மூடப்படுமுன் உள்ளாட்சிப் பொறியாளர் நேரில் பார்வையிடுவதும், அதன்பின்னரே வீட்டுக் கடனின் அடுத்த தவணை வழங்கப்படுவதும் விதியானால் நன்மை பயக்கும். வரைபடத்தில் மட்டும் இருக்கும் உறிஞ்சு குழி எவர் கிணற்றையும் காப்பதில்லை.